ஆய்வுகூட அறிக்கையில் எதிர்பாராத இலக்கம் வந்தால்

2022ஆம் ஆண்டின் கடைசியில் ஓர் இரவு, ஐக்கிய அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். ஸலாம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டான். "மாமா, உங்களுக்கு இரண்டு ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே பீப்பாவுக்கு எடுத்தது. எது பொய் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

பீப்பாவில் இருந்தது ஹெம்ப் சாறு. ஹெம்ப் என்றதும் நம்மவர்கள் சாக்குப் பை நெய்யும் சணலை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு செடி. இது கஞ்சா இனத்துச் செடியேதான். போதை தரும் பொருள் மிகக் குறைவாக உள்ள வகை. அந்தப் போதைப் பொருளின் பெயர் டெல்டா-9 டீ.எச்.சீ. போதை தராத, இன்று எண்ணெயாகவும் களிம்பாகவும் மேல்நாடுகளில் விற்கப்படும் பொருளின் பெயர் சீ.பீ.டீ. இவற்றையும் இவற்றின் உறவுக்காரப் பொருட்கள் அனைத்தையும் சேர்த்துக் கன்னாபினொயிட் என்கிறார்கள். 2018 டிசம்பரில் வந்த அமெரிக்க விவசாயச் சட்டம், உலர்ந்த நிறையில் 0.3 வீதத்துக்கு மேல் டெல்டா-9 இல்லாத செடியையும் அதன் சாற்றையும் ஹெம்ப் என்று பிரித்து வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது. அந்தக் கோட்டுக்கு மேலே போனால் அதே பொருள் கஞ்சா. அதாவது போதைப்பொருள் வழக்கு.

மருமகன் அந்தப் பீப்பாவுக்குப் பாதிப் பணம் முற்பணமாகக் கட்டியிருந்தான். விற்பனையாளரின் அறிக்கையில் சீ.பீ.டீ. 82 வீதம், டெல்டா-9 "காணப்படவில்லை". மீதிப் பணத்தைக் கட்டுமுன் தானாக ஒரு மாதிரியை வேறொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து வந்த அறிக்கையில் சீ.பீ.டீ. 79.4, டெல்டா-9 0.41, அவன் கேள்விப்பட்டேயிராத டெல்டா-8 என்ற பொருள் 1.2, சீ.பீ.என். 0.3.

எனக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. நமது நாட்டில் இந்தச் செடியும் அதன் சாறும் நஞ்சு, அபின், ஆபத்தான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அதில் கைவைக்கச் சொல்லி நான் எழுதவும் இல்லை. ஆனால் புறக்கோட்டையில் இருந்துகொண்டு முப்பது வருடமாகக் கறுவாத் தைலம் ஏற்றுமதி செய்தவன் என்ற முறையில், ஆய்வுகூட அறிக்கையோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு. கறுவா இலைத் தைலத்தில் இயூஜினோல்தான் பிரதானம். பட்டைத் தைலத்தில் சின்னமல்டிஹைட். இலைத் தைலம் என்று அனுப்பிய பொருளில் இருக்கக்கூடாத அளவுக்கு மற்றது தலைகாட்டினால் ஐரோப்பாக்காரன் பொருளைத் திருப்பிவிடுவான். அப்போது "லெப்காரன் பிழைவிட்டான்" என்று கத்துவதா, "தைலம் தந்தவன் ஏமாற்றினான்" என்று கத்துவதா என்று நானும் தடுமாறியிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டுமே விடையாக இருக்காது. எதிர்பாராத இலக்கம் வந்தால் அதற்கு எண்ணிச் சொல்லக்கூடிய சில காரணங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் காரணம். மருமகனோடு அன்றிரவு செய்ததும் அதுதான்.

முதலில் அலகைப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் பாதிச் சண்டை இங்கேயே தீரும். 30 மில்லிலீற்றர் போத்தலில் 1000 மில்லிகிராம் சீ.பீ.டீ. என்று லேபல் சொன்னால், ஒரு மில்லிலீற்றருக்கு 33.3 மில்லிகிராம். ஆய்வுகூடம் ஒரு கிராமுக்கு 35 மில்லிகிராம் என்று அறிக்கை தரும். கூடிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஒரு மில்லிலீற்றர் 0.95 கிராம்தான் நிறுக்கும் என்றால் இரண்டும் ஒரே கணக்கு. தேங்காய் எண்ணெயை லீற்றரில் வாங்கிக் கிலோவில் விற்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மருமகனின் இரண்டு அறிக்கைகளும் வீதத்திலேயே இருந்தன. ஆகவே இது காரணமல்ல.

அடுத்தது "காணப்படவில்லை" என்ற சொல். நமது வியாபாரிகள் அதிகம் ஏமாறுவது இந்தச் சொல்லில்தான் என்பது என் அபிப்பிராயம். காணப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. அந்தக் கருவியால் நம்பிக்கையாக அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே இருந்ததென்று மட்டுமே அர்த்தம். அந்த எல்லை அறிக்கையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். எல்லை 0.05 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 28 கிராம் எண்ணெய். அதன் 0.05 வீதம் 14 மில்லிகிராம். அதாவது "காணப்படவில்லை" என்று அச்சடித்த தாளோடு, கிட்டத்தட்ட 14 மில்லிகிராம் டீ.எச்.சீ. உள்ள போத்தல் ஒன்று கடைக்கு வர முடியும். பிரித்தானியாவில் இப்படிப்பட்ட பொருளுக்கு விதிவிலக்குக் கேட்பதானால் ஒரு கொள்கலனில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஐக்கிய அமெரிக்காவிலும் 2025 நவம்பரில் கையெழுத்தான திருத்தச் சட்டம், கடைக்கு வரும் பொருளில் ஒரு கொள்கலனுக்கு மொத்த டீ.எச்.சீ. 0.4 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்து, வியாபாரிகளுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தது. 14 எங்கே, 0.4 எங்கே! வீதத்தில் எல்லை போட்ட காலத்து அறிக்கையை மில்லிகிராமில் எல்லை போட்ட சந்தைக்குக் கொண்டுபோனால் அந்தத் தாளுக்குப் பெறுமதியே இல்லை.

விற்பனையாளரின் அறிக்கையிலும் எல்லை 0.05தான். ஆனால் இரண்டாவது அறிக்கை சொன்ன 0.41 அதைவிட எட்டு மடங்கு. பீப்பாவில் அப்போதே அவ்வளவு இருந்திருந்தால் முதல் ஆய்வுகூடம் கண்டிருக்க வேண்டும். இதுவும் கழிந்தது.

மூன்றாவது, சூட்டினால் வரும் குழப்பம். பச்சைச் செடியில் டீ.எச்.சீ. அநேகமாக இருப்பதில்லை, அதன் அமில வடிவமான டீ.எச்.சீ.ஏ.தான் இருக்கிறது. சூடு பட்டால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு பிரிந்துபோய் டீ.எச்.சீ. ஆகிறது. வாயு போனதால் நிறை குறைகிறது. 100 கிராம் அமிலம் 87.7 கிராம் ஆகும். அதனால்தான் "மொத்த டீ.எச்.சீ." கணக்கிடும்போது அமிலத்தை 0.877ஆல் பெருக்கி மற்றதோடு கூட்டுகிறார்கள். ஓர் அறிக்கையில் டெல்டா-9 0.05, அமிலம் 0.40 என்றிருந்தால் முதல் வரியை மட்டும் பார்ப்பவர் பொருள் சுத்தம் என்பார். கூட்டிப் பார்த்தால் 0.40 வருகிறது, கோட்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2021இல் வெளியிட்ட இறுதி விதியில், வயலில் உள்ள பயிரை இந்த மொத்தக் கணக்கில்தான் அளக்க வேண்டும் என்றது.

கருவியும் இங்கே விளையாடும். எச்.பி.எல்.சி. என்ற திரவ முறையில் மாதிரி சூடாவதில்லை. அமிலம் அமிலமாகவே தெரியும். காஸ் குரோமட்டோகிராபியில் மாதிரி ஆவியாக வேண்டும் என்பதால் உள்ளே போகும்போதே சுட்டுவிடும், அமிலம் டீ.எச்.சீ.யாக மாறி வெளியே வரும். ஒரே மாதிரி, இரண்டு கருவி, இரண்டு இலக்கம். இரண்டு பேரும் நேர்மையானவர்கள். நமது கறுவாத் தைலத்துக்குக் காஸ் முறைதான் வழக்கம். அங்கே இந்தத் தொல்லை கிடையாது. அதனால் இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. ஆனால் மருமகனின் இரண்டு அறிக்கைகளும் திரவ முறை. போதாதற்கு அது ஏற்கெனவே வடித்தெடுத்த சாறு. அமிலம் எதுவும் மீதமில்லை.

நான்காவது, மாதிரி எடுத்த விதம். மாசி மாதக் குளிரில் ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சீ.பீ.டீ. நிறைந்த சாறும் குளிரில் பளிங்காகப் படியும். மேலே ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி எடுத்தால் ஒன்றுபோல் இராது. பீப்பாவை இளஞ்சூட்டில் கரைத்துக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். 82க்கும் 79.4க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வந்திருந்தால் நான் அதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். மாதிரியிலும் கருவியிலும் அவ்வளவு முன்பின் வருவது சகஜம். நல்ல ஆய்வுகூடம் தன் இலக்கத்தின் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் போட்டு அந்த முன்பின்னை எழுதும். அமெரிக்க விதியிலும் பயிருக்கு அந்தச் சலுகை உண்டு: 0.35 என்று வந்து, முன்பின் 0.06 என்றிருந்தால், 0.29 முதல் 0.41 வரை உள்ள இடைவெளிக்குள் 0.3 விழுவதால் பயிர் தப்பிவிடும். சாற்றுப் பீப்பாவுக்கு அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது.

மாதிரி எப்படி எடுத்தாலும் இல்லாத டெல்டா-8 அதற்குள் முளைக்காது. அங்கேதான் விஷயம் இருந்தது.

செடி சொல்லும் கணக்கு

சீ.பீ.டீ. அதிகமுள்ள செடியில் டீ.எச்.சீ. தனியாக வருவதில்லை. சீ.பீ.டீ.யின் அமிலத்தைச் செய்யும் அதே நொதியம் கைதவறிக் கொஞ்சம் டீ.எச்.சீ. அமிலத்தையும் செய்துவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் ஏறக்குறைய நிலையான ஒரு விகிதம் உண்டு. இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் ஒன்று. இதன் விளைவைப் பல புதிய வியாபாரிகள் யோசிப்பதில்லை. காய்ந்த பூவில் சீ.பீ.டீ. 7.5, டீ.எச்.சீ. 0.3 என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி சரியான பயிர். அதில் 10 கிலோவை எடுத்து, எதையும் இழக்காமல் 1 கிலோ சாறாக்கினால் சீ.பீ.டீ. 75 வீதம், டீ.எச்.சீ. 3 வீதம். யாரும் எதையும் சேர்க்கவில்லை, பத்தில் ஒன்றாகச் சுருங்கியதுதான். வயலில் ஹெம்ப்பாக இருந்தது பீப்பாவில் கஞ்சாவாகிவிட்டது. ஆகவே டீ.எச்.சீ.யைப் பிரித்தெடுக்க இன்னொரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மருமகனின் விற்பனையாளர் அந்த வேலையைச் செய்திருந்தார். முதல் அறிக்கையின் "காணப்படவில்லை" அதற்குச் சாட்சி.

இரண்டாவது அறிக்கையில் 79.4ஐ 0.41ஆல் பிரித்தால் ஏறக்குறைய 194. செடியின் விகிதம் இதுவல்ல. டெல்டா-8 டெல்டா-9ஐப்போல மூன்று மடங்கு. செடியில் டெல்டா-8 இருப்பதென்றால் மணமளவுக்குத்தான். டெல்டா-9ஐ மிஞ்சி நிற்கவே நிற்காது. ஆகவே இந்த இலக்கங்கள் வயலில் பிறந்தவையல்ல, தொழிற்சாலையில் பிறந்தவை.

சீ.பீ.டீ.யும் டெல்டா-9உம் டெல்டா-8உம் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. அமிலமும் சூடும் சேர்ந்தால் சீ.பீ.டீ. உருமாறி டெல்டா-9 ஆகிறது. அது அங்கேயே நிற்காமல் டெல்டா-8 வரை போகிறது. இது 1960களிலிருந்தே இரசாயனவியலாளர்களுக்குத் தெரிந்த சங்கதி. 2018க்குப் பிறகு அமெரிக்காவில் சிலர் வேண்டுமென்றே இப்படி டெல்டா-8 செய்து கடைகளில் விற்றார்கள், அது தனிக் கதை. ஆனால் வேண்டாமலும் இது நடக்கும். சாறு கறுப்பாக இருந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று நிறத்தை எடுக்க ஒருவகை வெளுக்கும் களிமண்ணைப் பயன்படுத்துகிறார்கள். சமையல் எண்ணெய் ஆலைகளில் காலங்காலமாக இருக்கும் அதே வழிதான். அந்த மண் அமிலம் ஏற்றிய மண். சூடான சாற்றை அதன் வழியாக விட்டால் நிறம் பொன்னாக வரும், கூடவே சீ.பீ.டீ.யில் ஒரு பங்கு உருமாறியும் வரும்.

"பீப்பா என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"நல்ல தேன் நிறம் மாமா. முதல் அனுப்பின படத்தில் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது."

"முதல் ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த திகதி என்ன?"

செப்டெம்பர் நடுப்பகுதி. படத்தில் கறுப்பாக இருந்த நேரம். அதற்குப் பிறகு நிறம் எடுத்திருக்கிறார்கள். எடுத்த பின் மறுபடி சோதிக்கவில்லை. முதல் அறிக்கை அந்தத் திகதிக்கு உண்மை. இரண்டாவது அறிக்கை நவம்பருக்கு உண்மை. மருமகன் கேட்ட "எது பொய்" என்ற கேள்விக்கு விடை, எதுவும் பொய்யில்லை. பொருள்தான் மாறிவிட்டது.

ஆனாலும் அத்தோடு விட்டுவிடவில்லை. இரண்டாவது ஆய்வுகூடத்திடம் குரோமட்டோகிராமைக் கேட்டு வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு பொருளும் ஒரு மலைமுகடு போலத் தெரியும் வரைபு அது. டெல்டா-8உம் டெல்டா-9உம் பக்கத்துப் பக்கத்தில் எழும்புபவை. கருவி சரியாகப் பிரிக்காவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே முகடாகும். அதை டெல்டா-9 என்று எழுதிவிடுவார்கள். நிறையை வைத்து அடையாளம் காணும் கருவியும் இங்கே உதவாது. இரண்டின் நிறையும் ஒன்றே. அமிலத்தில் உருமாறும்போது வரும் வேறு சில பொருட்களும் இதே இடத்தில் வந்து உட்காரும். அவற்றுக்கு ஒப்பிடும் நியமப் பொருள் இல்லாத ஆய்வுகூடம், தெரிந்த பெயரைத்தான் போடும். விற்பனையாளரின் அறிக்கையில் ஆறு பொருட்கள்தான் பட்டியலில் இருந்தன. டெல்டா-8 அதில் இல்லவே இல்லை. தேடாத பொருளைக் "காணவில்லை" என்று யாரும் எழுதுவதில்லை, அந்த வரியே இருக்காது. இல்லாத வரியைக் கவனிப்பது இருக்கும் வரியைப் படிப்பதைவிடக் கஷ்டம். மருமகனுக்கு வந்த வரைபில் இரண்டு முகடும் அடிவரை தெளிவாகப் பிரிந்து நின்றன. இரண்டாவது ஆய்வுகூடம் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

சீ.பீ.என். பற்றியும் ஒரு வார்த்தை. காற்றும் வெளிச்சமும் பட்டு டீ.எச்.சீ. பழசானால் வருவது அது. பழைய சரக்கில் அது ஏறி டீ.எச்.சீ. இறங்கியிருந்தால் ஆச்சரியமில்லை, திறந்து வைத்த மிளகாய்த் தூள் நிறமிழப்பதுபோல. இங்கே 0.3 வந்ததற்குச் சூட்டிலே பட்ட பாடும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

ஹெம்ப் விதை எண்ணெயில் டீ.எச்.சீ. காட்டினாலும் பலர் திகைக்கிறார்கள். விதைக்குள் அது கிடையாது. விதையை மூடியிருக்கும் இதழின் பிசின் உமியில் ஒட்டி வருவதுதான். நன்றாகச் சுத்தம் செய்தால் குறையும், அவசரமாகப் பிழிந்தால் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல் விதை எண்ணெய்க்கு ஒரு கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், விதைக்கு 3 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. இது அமிலத்தையும் சேர்த்த கணக்கு.

நமக்கு ஏன் இது

இரத்தினக்கல் வியாபாரத்துக்காகப் பேருவளையிலிருந்து ஹொங்கொங் போய் வரும் சகோதரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே சீ.பீ.டீ. கலந்த கோப்பியே கடையில் விற்றார்கள். 2023 பெப்ரவரி 1 முதல் சீ.பீ.டீ.யே ஆபத்தான ஔடதப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. வைத்திருந்தால் 7 வருடச் சிறையும் 10 இலட்சம் ஹொங்கொங் டொலர் தண்டமும் வரை போகலாம். உள்ளே கொண்டுவந்தால் ஆயுள் தண்டனையும் 50 இலட்சமும் வரை. அந்த அரசாங்கம் சொன்ன காரணங்கள் மேலே நான் எழுதியவைதான்: செடியிலிருந்து பிரித்த சீ.பீ.டீ.யில் டீ.எச்.சீ. கலந்தே வருகிறது, வைத்திருக்கும்போது அது டீ.எச்.சீ.யாக மாறுகிறது, வேண்டுமென்றும் மாற்ற முடிகிறது. முழங்கால் வலிக்கு நல்லதென்று யாரோ ஒரு போத்தலைப் பயணப்பையில் வைத்துத் தந்தால், அதோடு தரும் அறிக்கையில் "காணப்படவில்லை" என்றிருப்பதால் அங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை.

லேபலை நம்புவதும் கஷ்டம்தான். 2017இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சீ.பீ.டீ. பொருட்களைச் சோதித்தார்கள். லேபலில் சொன்ன அளவுக்குக் கிட்ட இருந்தவை 26. டீ.எச்.சீ. இருந்தவை 18.

இது ஹலாலா ஹராமா என்று என்னிடமும் கேட்கிறார்கள். அதை உலமாக்கள் சொல்ல வேண்டும். அவர்கள் முன்னால் வைக்கும் தாளில் எந்தத் திகதி, எந்த எல்லை, எத்தனை பொருட்கள் தேடப்பட்டன என்பதைச் சேர்த்து வையுங்கள் என்பதை மட்டும் நான் சொல்வேன்.

மருமகன் அந்தப் பீப்பாவை எடுக்கவில்லை. விற்பனையாளர் முதலில் சத்தம் போட்டார், தன் அறிக்கையைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். நிறம் எடுத்த திகதியைக் கேட்டு எழுதிய பிறகு சத்தம் குறைந்தது. முற்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். அடுத்த பாதியைப் பொருளாகத் தருகிறேன் என்றார். அதற்கு மருமகன் ஒரு நிபந்தனை எழுதினான் — போத்தலில் அடைப்பதற்கு முன், கடைசி வேலை முடிந்த பிறகு எடுத்த மாதிரிக்கு அறிக்கை வேண்டும், பட்டியலில் டெல்டா-8 இருக்க வேண்டும், வரைபும் கூட வர வேண்டும். அதற்கு இதுவரை பதில் வரவில்லை.